பாட்டுக்கு எந்த வேகம்? புதிதாகப் பாட்டு எழுதுவோருக்கு ஓர் எளிய விளக்கம்

“மாரியம்மன் நோம்பிக்கு ஒரு பாட்டு வேணுங், நல்ல ஸ்பீடா இருக்கோணும்.” கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கத்து ஒலிப்பதிவுக் கூடங்களில் அடிக்கடி விழும் பேச்சு இது. எது ஸ்பீடாக இருக்க வேண்டும் என்று திருப்பிக் கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். ஒருவருக்கு அது தப்பட்டை அடியின் நெருக்கம். இன்னொருவருக்குப் பாடகர் சொற்களைக் கொட்டும் விதம். வேறொருவருக்கு வெறும் சத்தம். மெதுவாகப் போனால் ‘மெலடி’, விரைந்து போனால் ‘குத்து’ என்று இரண்டே பெட்டிகளில் பாட்டுகளைப் போட்டுவிடும் பழக்கமும் இருக்கிறது.

இந்தக் குழப்பத்தோடு பதிவுக்குப் போனால் பல்லவி நன்றாகத்தான் வரும். சரணத்தில் பாடகருக்கு மூச்சு வாங்கும், ஆடுபவர்களின் கால் தடுமாறும், சொல் விழுங்கப்படும். பழி மெட்டின் தலையில் விழும். பெரும்பாலும் மெட்டில் குறை இருக்காது. வேகத்தை முடிவு செய்த முறையில்தான் குறை.

வேகத்தை மனநிலையைப் பார்த்து முடிவு செய்யலாம் என்று பலர் நினைக்கிறார்கள். மனநிலைக்கு இடம் உண்டு, ஆனால் அதன் முறை கடைசியில்தான் வரும். பாட்டின் நெருக்கமான வரி ஒரு மேல் எல்லையை வைக்கிறது. நீளமான வரியும் பாடுபவரின் மூச்சும் ஒரு கீழ் எல்லையை வைக்கின்றன. இரண்டுக்கும் நடுவே ஒரு சிறு சந்து மிஞ்சும். ரசனை அந்தச் சந்துக்குள் விளையாடலாம், வெளியே போக முடியாது. அந்தச் சந்தின் அளவைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடிப்பதுதான் இந்தக் கட்டுரை.

தட்டு என்பது எது?

பாட்டு ஓடும்போது கை தானாகத் தொடையில் போடும் சீரான அடி இருக்கிறதே, அதைத் தட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நிமிடத்தில் எத்தனை தட்டு விழுகிறதோ அதுவே தாளவேகம். பதிவுக் கூடத்தில் இதைப் பிபிஎம் என்பார்கள். 60 என்றால் விநாடிக்கு ஒரு தட்டு. 60ஐ வேகத்தால் வகுத்தால் இரண்டு தட்டுகளுக்கு நடுவே உள்ள நேரம் கிடைக்கும். 80 என்றால் 0.75 விநாடி, 100 என்றால் 0.6 விநாடி, 120 என்றால் அரை விநாடி. இந்த ஒரு வகுத்தல் கணக்குத்தான் கட்டுரை முழுவதும் வரப்போகிறது.

கர்நாடக இசையில் இதற்குக் காலப்பிரமாணம் என்று பெயர். கீர்த்தனைக்கு மேல் எண் எழுதி வைக்கும் வழக்கம் அங்கே இல்லை. பாடுபவர் ஒரு வேகத்தைத் தேர்ந்தெடுக்கிறார். எடுத்த வேகத்தைக் கடைசிவரை குலையாமல் காப்பதில்தான் திறமை இருக்கிறது. எண்ணால் குறிக்கும் பழக்கம் ஐரோப்பாவில் பரவியது. 1815இல் மேல்ட்செல் என்பவர் மெட்ரோனோம் என்ற தட்டுமானிக்குக் காப்புரிமை வாங்கிய பிறகுதான் அது வேரூன்றியது. இன்று அதே கருவி கைபேசிச் செயலியாக எல்லோர் பையிலும் இருக்கிறது.

மனிதக் காதுக்கும் எல்லை உண்டு. தட்டுகளுக்கு நடுவே ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு மேல் போனால் அடுத்த தட்டு எப்போது விழும் என்று நம்மால் ஊகிக்க முடிவதில்லை. தாளம் உதிரி ஒலிகளாகச் சிதறிவிடும். மறுபக்கம், அடிகள் விநாடியில் பத்தில் ஒரு பங்கை விட நெருங்கினால் அவற்றைத் தனித்தனியாக எண்ண முடியாது. அவை உருட்டலாகத்தான் கேட்கும்.

வேகம் வேறு, நெருக்கம் வேறு

அமுச்சி பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு சந்தைக்கு நடக்கிறாள். அவள் ஓரடி வைத்தால் அவன் இரண்டடி வைக்கிறான். அவனைப் பார்த்தால் ஓடுவதுபோல் இருக்கும், அவளைப் பார்த்தால் ஆற அமர நடப்பதுபோல் இருக்கும். சந்தைக்குப் போய்ச் சேர்வது என்னவோ இருவரும் ஒரே நேரத்தில்தான். பாட்டில் அமுச்சியின் அடிதான் தட்டு. பேரனின் அடிகள், தட்டுக்குள் நாம் நிரப்பும் சொல்லும் அடியும். அவன் மூன்றடி வைத்தாலும் நான்கடி வைத்தாலும் அவளுடைய வேகம் மாறாது.

ஒரு தட்டுக்குள் எத்தனை சம பங்கு என்பதை நடை என்கிறோம். மூன்று பங்கு என்றால் திஸ்ரம், நான்கு என்றால் சதுஸ்ரம், ஐந்து கண்டம், ஏழு மிஸ்ரம், ஒன்பது சங்கீர்ணம். பாட்டு வகுப்பில் சொல்லித்தரும் முதல் காலம், இரண்டாம் காலம், மூன்றாம் காலம் என்பவையும் இதைச் சேர்ந்தவைதான். அங்கே கையில் போடும் தாளம் மாறுவதில்லை. அதற்குள் பாடும் ஸ்வரங்கள்தான் இரண்டு மடங்கு, நான்கு மடங்கு ஆகின்றன. கும்மி மெட்டுகளில் பல மூன்று பங்கு நடையில் வருபவை. அதனால்தான் நிதானமான எண்ணிலும் அவை துள்ளிக்கொண்டு கேட்கின்றன.

புதியவர்கள் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரே பாட்டை ஒருவர் 70 என்பார், இன்னொருவர் 140 என்பார். இரண்டும் சரியாக இருக்கலாம்: ஒருவர் அமுச்சியின் அடியை எண்ணினார், மற்றவர் பேரனின் அடியை எண்ணினார். வேகத்தைத் தானாகக் கண்டுபிடிக்கும் செயலிகளும் இப்படி இரட்டித்தோ பாதியாக்கியோ அடிக்கடி சொல்லும். எண்ணைப் பார்த்து மிரள வேண்டாம். ஆடுபவர் எந்த அடிக்குக் காலை ஊன்றுவாரோ அதையே தட்டாகக் கொண்டால் குழப்பம் தீரும்.

‘பாட்டு மந்தமா இருக்குதுங்’ என்று ஒருவர் சொன்னால் உடனே எண்ணை ஏற்றக் கூடாது என்பதும் இதிலிருந்து தெரியும். தட்டுக்குள் ஒரு சலங்கை ஒலியையோ உருமியின் ஒரு இழுப்பையோ கூடுதலாக வைத்தால் அதே வேகம் சுறுசுறுப்பாகிவிடும். ‘ஓவர் ஸ்பீடு’ என்றாலும் முதலில் அடியைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.

இதுவரை பார்த்தது: தாளவேகம் என்பது தட்டுகளின் எண்ணிக்கை. தட்டுக்குள் எவ்வளவு நிரப்புகிறோம் என்பது நெருக்கம். காதுக்கு விரைவாகத் தெரிவது பெரும்பாலும் நெருக்கம்தான்.

மேல் எல்லை: நெருக்கமான வரி

கணக்குக்காக ஒரு கும்மிப் பாட்டை எழுதிக்கொள்வோம். ஒவ்வொரு வரியும் எட்டுத் தட்டு, தட்டுக்கு மூன்று பங்கு நடை. பல்லவி:

மாட்டுவண்டி பூட்டிக்கிட்டு மஞ்ச மூட்டை ஏத்திக்கிட்டு

சரணத்தில் ஒரு வரி:

விடிய விடிய வெளக்கு வெச்சு வழியப் பாத்து நிக்கிறேனே

ஒவ்வோர் உயிரொலியையும் அதோடு ஒட்டிய மெய்யையும் சேர்த்து ஓர் ஒலித்துண்டு என்று எண்ணுவோம். மாட்-டு-வண்-டி என்றால் நான்கு. பல்லவி வரியில் 16 ஒலித்துண்டு, சரண வரியில் 20. இரண்டும் எட்டுத் தட்டுக்குள்தான் அடங்க வேண்டும். ஆகவே வேகத்தைத் தீர்மானிக்கும் உரிமை பல்லவிக்கு இல்லை, ‘விடிய விடிய’வுக்குத்தான் உண்டு. பல்லவியை முணுமுணுத்து வேகத்தை முடிவு செய்துவிட்டுப் பிறகு சரணம் எழுதுவதுதான் பாதி வில்லங்கத்துக்குக் காரணம்.

அளக்கும் முறை இது. எழுந்து நின்று, கடைசி வரிசையில் இருப்பவருக்கும் சொல் புரிய வேண்டும் என்ற எண்ணத்தோடு, அந்த வரியை மெட்டில்லாமல் சந்தத்தோடு நான்கு முறை தொடர்ந்து சொல்லுங்கள். சொல் எதுவும் தேயாமல் எவ்வளவு விரைவாக முடியுமோ அவ்வளவு விரைவாகச் சொல்ல வேண்டும். நிறுத்தக் கடிகாரத்தில் 18 விநாடி வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 4.5 விநாடி. எட்டுத் தட்டை 60ஆல் பெருக்கி 4.5ஆல் வகுத்தால் 106 சொச்சம். இந்தப் பாட்டின் மேல் எல்லை 106. விநாடிக்கு நான்கரை ஒலித்துண்டுக்குச் சற்றுக் குறைவாக வருகிறது. பயிற்சி இல்லாத தொண்டைக்கு அது போதும். தேர்ந்த பாடகர்கள் இதைத் தாண்டுவார்கள். ஆனால் நோம்பிப் பாட்டை ஊரே திருப்பிப் பாடும் என்பதை மறந்துவிடக் கூடாது.

எல்லையைத் தாண்டினால் என்ன கெடும்? தமிழில் முதலில் அடிபடுவது இரட்டை மெய். ‘எட்டு’ என்பதில் டகரத்தை அழுத்த ஒரு சிறு நிறுத்தம் வேண்டும். அவசரத்தில் அந்த நிறுத்தம் போய்விட்டால் ‘எடு’ என்று காதில் விழும். அடுத்து நெடில் குறுகும். ‘பாடம்’ ‘படம்’ ஆகும். மூன்றாவதாக ழகரம். நாக்கை உள்ளே வளைக்க நேரமில்லாமல் அது ளகரத்தோடு கலந்துவிடும். ‘வழி’யும் ‘வளி’யும் ஒன்றாகும். பாடகரின் உச்சரிப்பு சரியில்லை என்று கடிந்துகொள்வதற்கு முன் வேகத்தை நான்கு குறைத்துப் பாருங்கள். பல நேரம் உச்சரிப்பு தானாகத் திருந்திவிடும்.

கீழ் எல்லை: நீளமும் மூச்சும்

மெதுவான பாட்டு பாடுவதற்குச் சுலபம் என்பது இன்னொரு தவறான நம்பிக்கை. உண்மையில் மூச்சுக்குக் கடினமானது அதுதான். பதினாறு தட்டை ஒரே மூச்சில் பாடும்படி ஒரு வரி இருக்கிறது என்று கொள்வோம். 120இல் அதற்கு 8 விநாடி, 96இல் 10 விநாடி, 72இல் 13 விநாடிக்கு மேல். பயிற்சியில்லாதவருக்கு எட்டு விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் குரல் நடுங்காமல் பாடுவது சிரமம். அந்த வரி உச்சஸ்தாயியில் நின்றால் இன்னும் குறையும்.

நம் கும்மிப் பாட்டின் முடிவில் இப்படி ஒரு வரி இருக்கட்டும், பதினாறு தட்டுக்கு:

மலை மேல மழை வருது

பயிற்சி பெற்ற ஒருவர் 10 விநாடி தாங்குவார் என்றால் 16ஐ 60ஆல் பெருக்கிப் பத்தால் வகுக்கிறோம். கீழ் எல்லை 96. மேல் எல்லை 106. நடுவில் பத்து எண் அகலத்துக்குச் சந்து இருக்கிறது. நல்லது.

ஊர்ப் பெண்கள் குழுவே பாடுவதாக இருந்தால் மூச்சு 8 விநாடிதான். கணக்குப் போட்டால் கீழ் எல்லை 120. மேல் எல்லையோ 106. கீழ் எல்லை மேல் எல்லையைத் தாண்டிவிட்டது. எந்த எண்ணை வைத்தாலும் பாட்டின் ஓர் இடம் உடையும். பலர் இந்த நிலையில் மாட்டிக்கொண்டு, ஒவ்வோர் ஒத்திகையிலும் வேகத்தை ஏற்றி இறக்கி நேரத்தை வீணாக்குவார்கள். இது வேகத்தால் தீராது, வரியைத்தான் திருத்த வேண்டும். ‘மழை’ முடிந்து பன்னிரண்டாம் தட்டில் மூச்சுக்கு இடம் விட்டு, ‘வருது’வைத் தனியாக எடுத்தால் மூச்சு நீளம் 12 தட்டாகிறது. 12ஐ 60ஆல் பெருக்கி எட்டால் வகுத்தால் 90. இப்போது சந்து 90 முதல் 106 வரை தாராளமாகத் திறந்துவிட்டது.

கீழ் எல்லைக்கு மூச்சைத் தவிர இன்னொரு காவலும் உண்டு. அது தமிழின் குறில் நெடிலைச் சார்ந்தது. குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. மாத்திரை என்பது கண் இமைக்கும் நேரம் அல்லது விரல் நொடிக்கும் நேரம் என்று தொல்காப்பியம் அளந்து வைத்திருக்கிறது. பேச்சு விரையும்போது இரண்டும் சேர்ந்து சுருங்கும், நிதானிக்கும்போது சேர்ந்து நீளும். இரண்டின் விகிதம் காப்பாற்றப்பட்டால் காது பொருளைப் பிடித்துக்கொள்ளும். மெதுவான பாட்டில் இந்த விகிதம் குலைகிறது. ஒவ்வோர் ஒலித்துண்டுக்கும் ஒரே நீளத்தைக் கொடுத்து இழுத்தால் ‘மலை’ ‘மாலை’ ஆகிவிடும், ‘கல்’ ‘கால்’ ஆகிவிடும், ‘விடு’ ‘வீடு’ ஆகிவிடும். மேலே உள்ள வரியை 60இல் பாடிப் பாருங்கள். ஒன்பது ஒலித்துண்டுக்குப் பதினாறு விநாடி. யாரோ ஒருவர் மாலையைப் பற்றிப் பாடுவதாகத்தான் கேட்கும்.

இதற்கு மருந்து எளிது. குறிலைத் தட்டின் முதல் பங்கில் சட்டென்று சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தை அடுத்த எழுத்துக்குக் கொடுத்துவிடுங்கள். ‘ம’ குட்டையாக விழ, ‘லை’ இழுபடட்டும். இழுக்க ஏற்ற இடம் நெடிலும் வரியின் கடைசி எழுத்தும்தான். தாலாட்டில் ‘ஆராரோ’வும் ‘ஆரிரரோ’வும் நிலைத்து நின்றதற்கு அவற்றில் நெடில் தாராளமாக இருப்பதும் ஒரு காரணம் என்று சொல்லலாம்.

இதுவரை பார்த்தது: நெருக்கமான வரி மேல் எல்லையை வைக்கும். நீளமான மூச்சும் இழுபடும் குறிலும் கீழ் எல்லையை வைக்கும். இரண்டும் முட்டிக்கொண்டால் திருத்த வேண்டியது வரியை.

கால் என்ன சொல்கிறது?

சந்து கிடைத்த பிறகு, பாட்டு எந்த உடலசைவுக்கு என்று பார்க்க வேண்டும். இயல்பான நடை நிமிடத்துக்கு 100 முதல் 120 அடி. அதனால்தான் இந்த எண்களில் இருக்கும் பாட்டுக்குக் கால் தானாக ஆடுகிறது. கேட்பதற்கு மட்டும் எழுதும் பாட்டு என்றால் இதைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. கும்மிக்கும் ஒயிலுக்கும் கம்பம் சுற்றி ஆடுவதற்கும் எழுதினால் இதுதான் உயிர்.

கொங்கு நாட்டில் வள்ளி கும்மி இன்று ஊர் ஊராக நடக்கிறது. தேக்கம்பட்டி பத்ரப்பனுக்கு வள்ளி ஒயில் கும்மிக்காக 2024இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்ட பிறகு பெயர் இன்னும் பரவியது. வட்டமாக நின்று, பாட்டுக்கேற்பக் கைதட்டி, குனிந்து நிமிர்ந்து, திரும்பி அடி வைக்கும் ஆட்டம் இது. வேகத்துக்கு இங்கே எல்லை வைப்பது காலை விடத் திரும்பல்தான். நின்ற இடத்தில் கைதட்டுவது 140இல்கூட வரும். அரைவட்டம் திரும்பிக் காலை ஊன்றிக் கைதட்ட வேண்டும் என்றால் ஒரு தட்டு போதாது, இரண்டு வேண்டும். ஆகவே திரும்பல் வரும் வரியை எடுத்து, குழுவிலேயே மெதுவாக ஆடுபவரை வைத்துச் சோதியுங்கள். கெட்டிக்காரரை வைத்துச் சோதித்தால் அரங்கேற்றத்தன்று வட்டம் உடையும்.

பெரிய மைதானத்தில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான் போகும். ஒலிபெருக்கிக்கு அருகில் இருப்பவரை விட 34 மீட்டர் தள்ளி நிற்பவருக்குப் பாட்டு விநாடியில் பத்தில் ஒரு பங்கு தாமதமாக வந்து சேரும். 100இல் அது ஒரு தட்டின் ஆறில் ஒரு பங்கு. வட்டம் லேசாக அலைபாய்வதுபோல் தெரியும், அவ்வளவுதான். 150இல் அதே தாமதம் தட்டின் நான்கில் ஒரு பங்கு. கைதட்டல் இரண்டிரண்டாகப் பிளந்து கேட்கத் தொடங்கும். 68 மீட்டர் தள்ளி நின்றால் பாதித் தட்டு பிசகிவிடும். பயிற்சி குறைவு என்று ஆடுபவர்களைத் திட்டுவது அநியாயம். ஒலிபெருக்கியை ஓரத்தில் வைக்காமல் வட்டத்தின் நடுவில் வையுங்கள். அதற்கு வழியில்லையென்றால் வேகத்தைக் குறைத்து, காதை நம்பாமல் ஆசிரியரின் கையைப் பார்த்து அடி வைக்கச் சொல்லுங்கள்.

தோல் கருவிகளும் வேகத்தில் ஒரு சொல் வைத்திருக்கின்றன. தப்பட்டையைத் தீயில் காய்ச்சுவது தோலை இறுக்கி ஓசையைத் தெறிப்பாக்கத்தான். தென்மேற்குப் பருவத்தில் பொள்ளாச்சிப் பக்கம் ஈரக்காற்றில் தோல் தளர்ந்துவிட்டால் ஒவ்வோர் அடியும் ‘தொம்’ என்று நீளும். நெருக்கமான அடிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குழம்பும். வேகம் அதிகம்போலத் தோன்றினாலும் வேண்டியது இன்னொரு முறை காய்ச்சல்தான்.

வேகம் ஏறிக்கொண்டே போகும் பாட்டு

கும்மி நிதானமாகத் தொடங்கி வேகமெடுத்து முடிய வேண்டும் என்று எல்லோரும் விரும்புவார்கள். இதைப் பின்னாலிருந்து கணக்குப் போட வேண்டும். முடிவு வேகம் எது என்று முதலில் தீர்மானித்துவிட்டுத் தொடக்கத்துக்கு வாருங்கள்.

நம் பாட்டில் ‘விடிய விடிய’ 106ஐத் தாண்டாது. அப்படியானால் வேகமெடுத்த பிறகு அந்த வரி வரவே கூடாது. பல்லவியில் 16 ஒலித்துண்டுதான். அதே வாய் வேகத்தில் அதற்கு 3.6 விநாடி போதும், எல்லை 133க்குப் போகிறது. ஆகவே சரணங்களை எல்லாம் 100இல் முடித்துவிட்டு, பல்லவியை மட்டும் 112இல் நான்கு முறை, 128இல் நான்கு முறை என்று ஏற்றலாம். ஒவ்வோர் ஏற்றமும் 12 முதல் 14 விழுக்காடு. ஆடுபவர்களுக்கு மாற்றம் தெளிவாகத் தெரியும், உடல் உடனே பிடித்துக்கொள்ளும். இரண்டிரண்டாகக் கள்ளத்தனமாக ஏற்றினால் யாருக்கும் எந்த வேகத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. பாதி வட்டம் முன்னால் ஓடும், பாதி பின்தங்கும். மாறும் இடத்தில் ஒரு தட்டுக் குலவையோ தப்பட்டையின் ஒரு தனி அடியோ வைத்துவிட்டால் சைகையும் ஆயிற்று.

சோகம் என்றால் மெதுவா?

ஒப்பாரியை உற்றுக் கேளுங்கள். அடிநாதமாகத் தட்டு நிதானமாகப் போனாலும் சொற்கள் மடமடவென்று கொட்டும். கடைசியில் ஓர் இழுப்பு. உடுக்கடித்து அண்ணன்மார் கதை பாடுபவர்களும் போர்க்களத்துச் சாவைச் சொல்லும்போது உடுக்கையை நெருக்கி அடிப்பதுண்டு. துயரத்தை உண்டாக்குவதில் மெட்டின் இறக்கம், குரலின் அழுத்தம், சொல்லின் நெருக்கம், இடையில் விடும் மௌனம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு. வேகம் அவற்றில் ஒன்று மட்டும்தான். 76இல் ஒரு சோகப் பாட்டும் எழுதலாம், அதே 76இல் குலுக்கி எடுக்கும் ஆட்டப் பாட்டும் எழுதலாம்.

தாலாட்டின் வேகமோ உணர்வை விடத் தொட்டிலுக்குக் கட்டுப்பட்டது. உத்தரத்திலிருந்து சேலைத் தொட்டில் இரண்டு மீட்டர் தொங்கினால், ஒரு முறை போய்த் திரும்ப ஏறத்தாழ 2.8 விநாடி எடுக்கும். ஊசலின் நேரத்தை முடிவு செய்வது அதன் நீளம். குழந்தையின் எடையும் ஆட்டுபவரின் அவசரமும் பெரிதாக மாற்றிவிடாது. ஒரு பக்கப் போக்குக்கு 1.4 விநாடி. அதில் இரண்டு தட்டு வைத்தால் ஏறத்தாழ 85, மூன்று வைத்தால் 127 ஆகும். ஒன்றரை மீட்டர்த் தொட்டிலுக்கு இரண்டு தட்டுக் கணக்கில் 98 வரும். தாலாட்டை 60இல் எழுதினால்தான் தூக்கம் வரும் என்று நினைப்பவர்கள் ஒரு முறை தொட்டிலை ஆட்டிக்கொண்டே பாடிப் பார்க்கலாம்.

வேகம் தவறிப்போகும் இடங்கள்

பெரும்பாலான இசை மென்பொருள்கள் புதிய கோப்பைத் திறந்ததும் 120 என்று காட்டும். அது அந்த மென்பொருளின் தொடக்க எண், உங்கள் பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதை மாற்றாமலே மெட்டுப் போட்டுவிடுகிறவர்கள் ஏராளம். முதலில் வாயால் பாடி, கையால் தட்டி, 15 விநாடியில் விழுந்த தட்டுகளை எண்ணி நான்கால் பெருக்கிக்கொண்டு, பிறகு மென்பொருளைத் திறங்கள்.

இரவில், வீட்டில் மற்றவர்கள் தூங்கும்போது மெல்லிய குரலில் எழுதும் பாட்டு மெதுவாகவே வரும். மேடையில் ஆயிரம் பேர் முன் அதே பாட்டு விரையும். உட்கார்ந்து எழுதினால் ஒன்று, நின்று பாடினால் இன்னொன்று. ஆகவே முடிவெடுக்கும் நேரத்தில் முழுக் குரலில் நின்று பாடுங்கள். ஒரே வேகத்தை ஒரு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்தால் காது அதற்குப் பழகி, எல்லாமே மந்தமாகத் தோன்றும். அந்த நிலையில் ஏற்றினால் மறுநாள் காலையில் வருத்தப்படுவீர்கள். சந்துக்குள் மூன்று எண்களை எடுத்து, நம் பாட்டுக்கு 94, 100, 105 என்று, வெறும் தாளத்தோடு பாடிப் பதிந்து வைத்துவிட்டு மறுநாள் கேட்டுத் தேர்ந்தெடுப்பது நல்லது. எது எந்த எண் என்று தெரியாமல் கேட்க முடிந்தால் இன்னும் நல்லது.

பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதும் சரியல்ல. பதிந்த குரலையும் தாளத்தையும் மென்பொருளில் நீட்டிச் சுருக்கலாம்தான். நூற்றுக்கு நான்கைந்து வரை பெரும்பாலும் தெரியாது. அதற்கு மேல் போனால் தப்பட்டையின் தெறிப்பு மழுங்கும், குரலில் ஒரு தகர வாடை வரும்.

மேடையில் ‘கொஞ்சம் ஏத்துங்ண்ணா’ என்று பாடகர் சொன்னால் தப்பட்டைக்காரர் வேகத்தை ஏற்றுவார், கீபோர்டுக்காரர் கட்டையை, அதாவது சுருதியை, ஏற்றுவார், மைக்செட்காரர் சத்தத்தை ஏற்றுவார். மூன்றும் சேர்ந்தால் கூத்துதான். வேகத்துக்கு ஒரு சொல், சுருதிக்கு ஒரு சொல் என்று குழுவுக்குள் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை எழுதித் தரும் முறை

கணக்கெல்லாம் முடிந்து 100 என்று தீர்மானித்தாயிற்று. பாட்டுத் தாளின் மேலே வெறும் 100 என்று எழுதினால் போதாது. படிப்பவர் பேரனின் அடியை எண்ணிவிட்டால் எல்லாம் பாழ். ‘காலடிக்கு ஒரு தட்டு, நிமிடத்துக்கு 100, தட்டுக்கு மூன்று பங்கு, வரிக்கு எட்டுத் தட்டு’ என்று எழுதுங்கள். கீழே ‘விடிய விடிய’ வரிக்கு நேராக ‘106க்கு மேல் போகாது’ என்றும், ‘மழை’க்குப் பக்கத்தில் மூச்சுக்கு ஒரு கோடும், பல்லவி திரும்பும் இடங்களில் 112, 128 என்றும் குறித்துவிடுங்கள். தாளக்காரரிடம் கொடுக்கும் பிரதியில் தொடக்க வரியை விட ‘விடிய விடிய’ வரியைப் பெரிய எழுத்தில் எழுதுவது நல்லது. அவர் பாட்டைத் தொடங்கும் முன் அந்த வரியை மனசுக்குள் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் முதல் அடியைப் போட வேண்டும்.